வாடகைப் பெட்டியும் சொந்தப் பெட்டியும்: இல்லத்து இணையப் பெட்டி மாற்றம் குறித்த ஓர் ஆய்வு

1. வரையறையும் கருதுகோளும்

இணையச் சேவை நிறுவனம் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியை ஓரங்கட்டி, அதன் வேலையைச் சொந்தக் காசில் வாங்கிய கருவிகளிடம் ஒப்படைப்பதே பெட்டி மாற்றம் எனப்படும். பெட்டி பழுதாகி மாற்றுவது இதில் சேராது. நிறுவனமே வேறு பெட்டி கொடுத்து மாற்றுவதும் சேராது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை, வீட்டில் வேறு யாரும் கேட்காதபோது, ஒருவர் தம் விருப்பத்தால் மாற்றுவதே இலக்கணப்படியான பெட்டி மாற்றம். அவ்வாறு செய்பவர் இக்கட்டுரையில் ‘மாற்றுநர்’ என்று குறிக்கப்படுகிறார். மாற்றுநர் பெரும்பாலும் கணினித் துறையில் இருப்பவர், அல்லது இருப்பதாக வீட்டார் நம்புபவர்.

பெட்டி பார்வைக்கு ஒன்று, தொழிலால் ஐந்து. ஒளியிழையில் வரும் ஒளியை மின்குறிகளாக மாற்றுவது முதல் தொழில். இதைச் செய்யும் பகுதிக்கு ஓஎன்டி என்று பெயர். கேபிள் டிவிக் கம்பியிலோ தொலைபேசிக் கம்பியிலோ இணையம் வந்தால் அங்கே இவ்வேலையை மோடம் செய்யும். வெளியிலிருந்து கிடைக்கும் ஒற்றை முகவரியை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பங்கிடுவது ரூட்டரின் தொழில். அழையாமல் வருவதைத் தடுப்பது ஃபயர்வாலின் தொழில். கம்பி வழி இணைப்புகளைப் பிரித்துக் கொடுப்பது ஸ்விட்சின் தொழில். காற்றில் பரப்புவது வைஃபையின் தொழில். வீட்டாருக்கு இந்த ஐந்தாவது தொழில் மட்டுமே தெரியும். ஆகவே ஐந்தில் எது கெட்டாலும் “வைஃபை போச்சு” என்பதே அவர்கள் தரும் புகார்.

இவ்வாய்வின் கருதுகோள் பின்வருமாறு: பெட்டி மாற்றத்தால் வீட்டின் இணையத்தின் மேல் உள்ள அதிகாரம் நிறுவனத்திடமிருந்து மாற்றுநருக்குக் கைமாறுகிறது. அத்துடன் சேர்ந்து திட்டும் கைமாறுகிறது. முன்னது மாற்றுநர் அறிந்து கேட்டது. பின்னது தானாக வந்து சேர்வது.

2. வரலாறு

பிறருக்குச் சொந்தமான கம்பியின் நுனியில் தனக்குச் சொந்தமான பொருளை மாட்டலாமா என்ற வினா இணையத்தைவிட மூத்தது. அமெரிக்காவில் கம்பியோடு தொலைபேசியும் ஏடி அண்ட் டி நிறுவனத்துக்கே சொந்தமாயிருந்த காலத்தில், பேசுவது பக்கத்திலிருப்பவர் காதில் விழாதிருக்கும்படி வாய்ப்பகுதியில் பொருத்திக்கொள்ளும் ‘ஹஷ்-எ-ஃபோன்’ என்ற பொருள் விற்பனையில் இருந்தது. கிண்ணம் போன்ற அதில் மின்சாரம் இல்லை, கம்பி இல்லை, கெட்டுப்போகவும் எதுவும் இல்லை. நிறுவனம் அதையும் எதிர்த்தது. வழக்கு நீதிமன்றம் வரை போய், 1956இல் கிண்ணம் வென்றது.

அடுத்தது ‘கார்ட்டர்ஃபோன்’ வழக்கு. டெக்சாசைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர், இருவழி வானொலியைத் தொலைபேசியோடு இணைக்கும் கருவியைச் செய்து விற்றார். தொலைபேசி அமைப்புக்குத் தீங்கு செய்யாதவரை வாடிக்கையாளர் தம் கருவியை இணைக்கலாம் என்று 1968இல் அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் தீர்ப்பளித்தது. சொந்தமாக மோடம் வாங்கிக் கம்பியில் செருகும் உரிமை பிற்காலத்தில் வேர்விட்டது இந்தத் தீர்ப்பில்தான். 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் 2015/2120ஆம் எண் விதிமுறையில், பயனர் தாம் விரும்பும் முனையக் கருவியைப் பயன்படுத்தலாம் என்று எழுதிவைத்தது. ஜெர்மனியில் நிறுவனம் தரும் ரூட்டரையே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் 2016 ஆகஸ்ட் 1 அன்று சட்டப்படி முடிவுக்கு வந்தது. நிறுவனத்தின் கருவியையே வாங்காதவரிடம் அதற்கு வாடகை வசூலிக்கக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2019 டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2020 டிசம்பரில். கொடுக்காத பொருளுக்கு வாடகை கேட்கக் கூடாது என்பதைச் சொல்வதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை ஆய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்திய வீடுகளில் இவ்வுரிமை நடைமுறையில் லைன்மேனின் அன்றைய மனநிலையைப் பொறுத்து அமைகிறது.

3. காரணங்கள்

மாற்றுநர் சொல்லும் காரணங்கள் நான்கு. சொல்லாத காரணம் ஒன்று.

முதலாவது பாதுகாப்பு. பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய ‘அட்மின்’ என்ற பெயரும் அதே ‘அட்மின்’ என்ற கடவுச்சொல்லும் போதும் என்ற நிலை நெடுங்காலம் நிலவியது. 2016இல் பரவிய ‘மிராய்’ என்ற தீநிரல், இப்படித் தொழிற்சாலையில் வைத்த பெயர்–கடவுச்சொல் இணைகள் அறுபது சொச்சத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உலகெங்கும் உள்ள கேமராக்களையும் ரூட்டர்களையும் இலட்சக்கணக்கில் வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அப்படை ‘டின்’ என்ற நிறுவனத்தின், தளப்பெயரை முகவரியாக மாற்றித் தரும் பெயர்த்தீர்வு (டிஎன்எஸ்) வழங்கிகளைத் தாக்கியபோது, அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்கள் பலவும் மணிக்கணக்கில் திறக்கவில்லை. எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு கருவிகளை விற்பதைக் கலிஃபோர்னியா 2020 முதலும் பிரிட்டன் 2024 ஏப்ரல் முதலும் சட்டத்தால் தடுத்துள்ளன.

இரண்டாவது தன்னாட்சி. நிறுவனம் தன் அலுவலகத்தில் இருந்தபடியே வீட்டுப் பெட்டியின் அமைப்புகளை மாற்ற ‘டிஆர்-069’ என்ற நெறிமுறை 2004 முதல் உள்ளது. இதனால் நன்மை உண்டு: வாடிக்கையாளர் தொலைபேசியில் புலம்பிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் இருப்பவர் பெட்டியைச் சரிசெய்துவிட முடியும். தீமையும் உண்டு. 2016 நவம்பரில் இந்தத் தொலைநிலைப் பராமரிப்புக்கான 7547ஆம் எண் வாசலைக் குறிவைத்து மிராயின் ஒரு வகை தாக்கியபோது, ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேருக்கு இணைப்பு முடங்கியது. தம் வீட்டுப் பெட்டிக்கு வேறொருவர் கையில் சாவி இருப்பதை மாற்றுநரால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

மூன்றாவது நெரிசல். வீட்டில் ஒருவர் கல்யாண வீடியோவைக் கிளவுடில் ஏற்றத் தொடங்கியதும் இன்னொருவரின் அலுவலக மீட்டிங் திக்கித் திணறுவதற்கு வேகக் குறைவு மட்டும் காரணம் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் நினைவகத்தில் தரவுப் பொட்டலங்கள் அளவுக்கு மீறித் தேங்கிவிடுகின்றன. பின்னால் வந்த குரல் பொட்டலம் முன்னால் நிற்கும் வீடியோ முழுதும் நகரும்வரை காத்திருக்கிறது. இதற்கு மருந்தாகக் கேத்லீன் நிக்கோல்சும் வான் ஜேக்கப்சனும் 2012இல் ‘கோடெல்’ என்ற வரிசை மேலாண்மை முறையை வெளியிட்டனர். அதன் வழிவந்த ‘எஃப்க்யூ-கோடெல்’ 2018இல் ஆவணமாகியது. மாற்றுநர் வாங்கும் சொந்தக் கருவியில் இதைச் சில சொடுக்குகளில் இயக்கலாம். பெட்டி மாற்றத்தால் வீட்டார் நேரடியாக உணரக்கூடிய நன்மை இது ஒன்றே. அதை உணர்ந்தபின் அவர்கள் சொல்வது, “இப்பதான் ஒழுங்கா வருது.” இதில் மாற்றுநரின் பெயர் இடம்பெறாது.

நான்காவது கட்டுப்பாடு. விளம்பரங்களைப் பெயர்த்தீர்வு நிலையிலேயே வடிகட்டலாம்; பிள்ளைகளின் கருவிகளுக்கு இரவு பத்து மணியோடு கதவடைக்கலாம். டிவி, சிசிடிவி கேமரா போன்றவற்றைக் கணினிகளிடமிருந்து பிரித்துத் தனி வலையில் வைக்கலாம். விருந்தினருக்குத் தனி வைஃபை கொடுக்கலாம். பழைய வீடுகளில் திண்ணை செய்த வேலை இது: வந்தவர் இளைப்பாறலாம், தண்ணீர் கிடைக்கும், ஆனால் அடுக்களை வரை நடக்க முடியாது.

சொல்லாத காரணம் கை அரிப்பு. மேற்கண்ட நான்கும் இல்லாத வீட்டிலும் பெட்டி மாற்றம் நடப்பதால், இதுவே மூலகாரணம் என்று துணியலாம்.

4. முதற்பொருள்: நிலமும் பொழுதும்

பெட்டி இருக்க வேண்டிய இடம் வீட்டின் நடுப்பகுதி. இருக்கும் இடம் டிரில்லிங் மெஷினோடு வந்தவர் ஓட்டை போட்ட இடம். பெரும்பாலும் அது டிவிக்கு மேலே, அல்லது வாசற்கதவுக்குப் பின்னே, அல்லது ஏணி போட்டால் மட்டும் எட்டக்கூடிய உயரத்தில் அமைகிறது. கான்கிரீட் சுவரும் ஆளுயரக் கண்ணாடியும் இரும்பு பீரோவும் வைஃபைக்குப் பகை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு கடந்து போகும். ஆனால் பக்கத்து வீட்டார் அனைவரும் அதிலேயே இருப்பர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. இரண்டு சுவருக்கு அப்பால் சோர்ந்துவிடும். எனவே எத்தனை விலையுயர்ந்த கருவி வாங்கினாலும், அதை லைன்மேன் குறித்த இடத்திலேயே வைத்தால் கடைசி அறையின் நிலை மாறாது. தீர்வு, வீட்டுக்குள் கேட்-6 கம்பி இழுப்பது. கம்பியைச் சுவர் மேலே இழுப்பதா பட்டி அடித்து மறைப்பதா என்பது அழகியல் தொடர்பான விவாதம். அதில் மாற்றுநருக்கு வாக்குரிமை இல்லை.

பொழுதைத் தேர்வதில் கவனம் வேண்டும். வார நாளின் பகல் அலுவலக வேலைக்கு உரியது. மாலை ஆறு முதல் பத்து வரை சீரியலுக்கும் பள்ளிப் பாடத்துக்கும் உரியது. ஐபிஎல் நடக்கும் மாதங்களில் இரவு எதுவும் மிஞ்சாது. இவ்வாறு கழித்துக்கொண்டே வந்தால் ஞாயிற்றுக்கிழமை நண்பகல் மட்டும் மிஞ்சுகிறது. சாப்பாடு முடிந்து வீடு கண்ணயரும் அவ்வேளையில் தொடங்கி நாலரை மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் ராகு காலம்.

5. கருப்பொருள்: கருவிகள்

ஓஎன்டி: பெட்டியின் ஐந்து தொழில்களில் இதைப் பறிப்பதே கடினம். இல்லத்து ஒளியிழை இணைப்புகளில் பெரும்பாலும் வழங்கும் ‘ஜிபான்’ முறையில், நிறுவனத்திலிருந்து வரும் ஓர் இழை தெருவில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. கீழ்நோக்கி 1490 நானோமீட்டர் ஒளியில் நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட்டும், மேல்நோக்கி 1310 நானோமீட்டர் ஒளியில் ஏறத்தாழ 1.25 கிகாபிட்டும் அத்தனை வீடுகளுக்கும் பொது. மேல்நோக்கி அனுப்பும்போது ஒவ்வொரு வீடும் தனக்கு ஒதுக்கிய நுண்கணத்தில் மட்டுமே ஒளியை உமிழ வேண்டும். முறை தவறி எந்நேரமும் ஒளி உமிழும் ஓஎன்டி ஒன்று வந்தால் அந்த இழையிலுள்ள அத்தனை வீடுகளும் முடங்கும். ஆகையால் நிறுவனம் ஒவ்வொரு ஓஎன்டியையும் அதன் வரிசை எண்ணால் அறிந்தே உள்ளே விடுகிறது. அறிவுடைய மாற்றுநர் இதை அப்படியே விட்டு, ‘பிரிட்ஜ் மோடு’ என்ற நிலைக்கு மாற்றி, ஒளியை மின்குறியாக்கும் வேலையோடு நிறுத்திவைப்பார். ஓஎன்டியில் செருகும் இழையின் பச்சை நிற முனையின் நுனி 8 பாகைச் சாய்வாகத் தேய்க்கப்பட்டது. தூசி பட்டால் ஒளி குன்றும். இழையில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரிகிறதா என்று உற்றுப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு.

மோடம்: கேபிள் வழி இணையம் வழங்கும் நாடுகளில் மோடத்தையே சொந்தமாக வாங்க முடியும். அங்கே 1997இல் வெளியான ‘டாக்சிஸ்’ என்ற பொதுத்தரம் இருப்பதால் எந்த நிறுவனத்தின் மோடமும் எந்த நிறுவனத்தின் கம்பியிலும் பேசும். நிறுவனம் ஏற்றுக்கொண்ட மாதிரிகளில் ஒன்றை வாங்கி, அதன் மேக் எண்ணைப் பதிவுசெய்தால் போதும்.

ஃபயர்வால்: வெளிப்பக்கத்துக்கு ஒன்று, உள்பக்கத்துக்கு ஒன்று என இரு கம்பித் துளைகள் உள்ள எந்தக் கணினியும் ஃபயர்வால் ஆகலாம். மூலையில் கிடக்கும் பழைய கணினியைக் கொண்டு தொடங்குவது மரபு. அதன் விசிறிச் சத்தம் வீட்டாரைக் கடுப்பேற்றிய பின், உள்ளங்கை அளவுள்ள விசிறியில்லாத சிறு கணினியை வாங்குவதும் மரபே. மென்பொருளுக்குக் குலமுறை உண்டு. மானுவேல் காஸ்பர் 2003இல் வெளியிட்ட ‘மோனோவால்’ முன்னோர். அதிலிருந்து 2004இல் ‘பிஎஃப்சென்ஸ்’ பிரிந்தது. அதிலிருந்து 2015 ஜனவரியில் ‘ஓபிஎன்சென்ஸ்’ பிரிந்தது. அடுத்த மாதமே மோனோவால் ஓய்வு பெற்றபோது, தன் பயனர்களை அதன் ஆசிரியர் அனுப்பிவைத்தது மகனிடம் அல்ல, பேரனிடம். மற்றொரு குலம் ‘ஓபன்டபிள்யூஆர்டி’. லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் விற்கத் தொடங்கிய டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல ரூட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்து, உரிமத்தின்படி அதன் மூலநிரல் வெளியானதால் அது பிறந்தது. இரு குலத்தாரும் தத்தம் குலமே உயர்ந்தது என்று வாதிடுவர். இரண்டும் வேலை செய்யும்.

பிளக் பாயிண்ட்: நூல்கள் கூறாது விடும் கருப்பொருள் இது. முன்பு ஒரு பெட்டி, ஓர் அடாப்டர், ஒரு பிளக் பாயிண்ட். மாற்றத்துக்குப் பின் ஓஎன்டி, ஃபயர்வால், ஸ்விட்ச், வைஃபை கருவி என நான்கு அடாப்டர்கள். அடாப்டர் ஒவ்வொன்றும் பருத்த உடலால் பக்கத்துத் துளையையும் மறைப்பதால், நான்கு அடாப்டருக்கு எட்டுத் துளையுள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேவைப்படும். நான்கும் சேர்ந்து 25 வாட் இழுத்தால் நாளொன்றுக்கு 0.6 யூனிட், தமிழ்நாட்டின் இரு மாத மின்கணக்கில் 36 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதுகாப்புத் துறைக்கே போகிறது.

6. செயல்முறை

முதற்படி, நிறுவனத்திடமிருந்து பெற வேண்டியவை. 1999இல் வரையறுக்கப்பட்ட ‘பிபிபிஓஇ’ முறையில் இயங்கும் இணைப்புக்குப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். சில இணைப்புகளுக்கு, ஒரே கம்பியில் போகும் தரவைத் தனித்தனி வலைகளாகப் பிரித்துக் காட்டும் வீலான் எண்ணும் வேண்டும். கேட்கும்போது ஃபயர்வால் என்ற சொல்லை வெளியில் விடக் கூடாது. “பிரிட்ஜ் மோடுக்கு மாத்திக் கொடுங்க” என்பதே போதும். லைன்மேன், “எதுக்கு சார், இதுவே நல்லாத்தானே ஓடுது?” என்பார். இத்துறையின் மிக ஆழமான வினா இதுவே. இதற்கு நிறைவான விடை எந்த மாற்றுநராலும் அளிக்கப்பட்டதில்லை.

இரண்டாம் படி, பொட்டலத்தின் அளவு. ஈதர்நெட் பொட்டலம் 1500 பைட் வரை கொள்ளும். பிபிபிஓஇ தன் முகப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. இந்த எண்ணைச் சரியாகக் குறிக்காவிட்டால் சில தளங்கள் திறக்கும், சில தளங்கள் பாதியில் நிற்கும். எது திறக்கும் எது நிற்கும் என்பதில் ஒழுங்கு தெரியாததால் வீட்டில் பேய் நடமாட்டம் குறித்த ஐயமும் எழலாம். எட்டு பைட்டைக் கழித்ததும் பேய் அகலும்.

மூன்றாம் படி, உள்முகவரிகள். வீட்டுக்குள் பயன்படுத்த 1996இல் மூன்று முகவரித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்குவது சிறியது. அதிலேயே 65,536 முகவரிகள் உண்டு. ஆனால் மாற்றுநர் 10 என்று தொடங்கும் தொகுதியையே விரும்புவார். அதில் 1,67,77,216 முகவரிகள் உண்டு. வீட்டில் இருப்பவை ஏழு செல்பேசி, இரண்டு மடிக்கணினி, ஒரு டிவி. வருங்காலத் தேவையைக் கருதி இப்படி ஒதுக்கியதாக அவர் விளக்குவார்.

நான்காம் படி, முகவரி மாற்றம். ஐபிவி4 முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி. அவற்றின் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்துவிட்டது. ஆகவே வீட்டுக்கு ஒரு வெளிமுகவரி, உள்ளே பலருக்கு உள்முகவரி என்ற பங்கீட்டை ரூட்டர் செய்கிறது. நிறுவனத்தின் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றாமல் அதன் பின்னாலேயே சொந்த ரூட்டரை மாட்டினால் இப்பங்கீடு இருமுறை நடக்கும். பார்ப்பதற்கு எல்லாம் வேலை செய்யும்; ஆன்லைன் விளையாட்டும் வெளியிலிருந்து கேமரா பார்ப்பதும் மட்டும் தகராறு செய்யும். நிறுவனமே தன் வாடிக்கையாளர் பலரை ஒரே முகவரிக்குள் அடைத்து, 2012இல் இதற்கென ஒதுக்கிய 100.64 தொகுதியிலிருந்து முகவரி கொடுத்திருந்தால், ஐபிவி4 வழியாக யாரும் வெளியிலிருந்து அழையாமல் அவ்வீட்டு வாசலுக்கு வந்து சேரவே முடியாது. யாரும் வரமுடியாத வாசலுக்குக் காவல் போடுவது இதனால் சாத்தியமாகிறது. ஆயினும் ஐபிவி6 இணைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் வெளியுலகம் காணும் முகவரி கிடைப்பதால், காவலாளியை முற்றிலும் வேலையற்றவர் என்று தள்ளிவிட முடியாது.

ஐந்தாம் படி, விதிகள். வெளியிலிருந்து உள்ளே வருவது எதுவும் கூடாது. உள்ளிருந்து கேட்டதற்கு வரும் பதில் மட்டும் வரலாம். இந்த ஒற்றை விதி இல்லத்துக்குப் போதும். பலரும் நிறுவியவுடன் கிடைக்கும் இவ்விதியை நீக்கிவிட்டு, அதையே நாற்பது விதிகளாக எழுதி மகிழ்வர்.

ஆறாம் படி, இச்செயல்முறையின் தலையாய விதி. புதிய வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் அப்படியே வைக்க வேண்டும். வைத்தால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் தாமே வந்து ஒட்டிக்கொள்ளும். மாற்றம் நடந்ததே தெரியாது. வைக்காவிட்டால், ரிமோட்டால் எழுத்தெழுத்தாகத் தட்டி டிவிக்குள் கடவுச்சொல் ஏற்றும் வேலை மாற்றுநரின் தலையில் விழும். பின் வரும் வாரங்களில் மாமனார் வீட்டிலிருந்து வருபவர், டியூஷன் பிள்ளைகள், மாடிவீட்டார் ஆகியோருக்கும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

7. உரிப்பொருள்: ஒழுக்கம் ஐந்து

பெட்டி மாற்றத்தின்போது வீட்டில் நிகழும் உணர்வுகள் ஐந்திணைகளிலும் அடங்கும். அவை நிகழும் பொழுதும் திணைகளுக்கு உரிய சிறுபொழுதோடு வழுவின்றிப் பொருந்துகிறது.

பாலை, நண்பகல். உரிப்பொருள் பிரிதல். ஞாயிறு மதியம் பழைய பெட்டியின் கம்பி உருவப்படுகிறது. தூங்கிக்கொண்டிருப்பதாகக் கருதப்பட்ட அறைகள் அனைத்திலிருந்தும் “நெட் போச்சா?” என்ற குரல் ஒரே நேரத்தில் எழுகிறது.

நெய்தல், எற்பாடு. உரிப்பொருள் இரங்கல். நாலரை மணி கடந்துவிட்டது. செல்பேசி டேட்டாவின் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்தவர் தீராதவரிடம் ஹாட்ஸ்பாட் கேட்டு இரங்குகிறார். நாளை ஒப்படைக்க வேண்டிய பள்ளித் திட்டப்பணி ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

முல்லை, மாலை. உரிப்பொருள் இருத்தல். வீடு காத்திருக்கிறது. மாற்றுநரோ சேவை எண்ணின் இசையைக் கேட்டபடி காத்திருக்கிறார். “ரெண்டு நிமிஷம்” என்று அவர் சொல்வதைச் சிறுபொழுதாகக் கொள்ளக் கூடாது; பெரும்பொழுதாகவே கொள்ள வேண்டும்.

குறிஞ்சி, யாமம். உரிப்பொருள் புணர்தல். நள்ளிரவில் விளக்கு பச்சையாகிறது, இணைப்பு கூடுகிறது. வீலான் எண்ணில் ஓர் இலக்கம் தவறாக இருந்தது என்பது தெரியவருகிறது. வெற்றியைக் காட்ட எழுப்பினால் யாரும் எழுவதில்லை.

மருதம், வைகறை. உரிப்பொருள் ஊடல். “நல்லா இருந்ததைப் போய்…” என்று தொடங்கி முடிக்கப்படாத வாக்கியத்தோடு பொழுது விடிகிறது. இணைப்பு அறுந்திருந்த நேரத்தைவிட இவ்வூடல் நீளும்.

8. ஐயமும் தெளிவும்

வேகம் கூடுமா எனின், கூடாது. 100 எம்பிபிஎஸ் திட்டம் 100 எம்பிபிஎஸ் திட்டமாகவே இருக்கும். பழைய பெட்டியின் வைஃபை நலிந்ததாயிருந்தால் மட்டும், ஏற்கெனவே பணம் கட்டிய வேகம் முதன்முறையாகக் கடைசி அறையை எட்டும்.

பணம் மிச்சமாகுமா எனின், மாதந்தோறும் கருவி வாடகை தனியே வாங்கும் நாடுகளில் ஓரிரு ஆண்டுகளில் மிச்சமாகக்கூடும். பெட்டியை இலவசமாகக் கொடுக்கும் இடத்தில் ஒரு காலத்திலும் மிச்சமாகாது.

உலகமே வீட்டைத் தாக்குவதாகப் பதிவேடு காட்டுகிறதே எனின், வெளிமுகவரி உடைய எந்த வாசலையும் தானியங்கி நிரல்கள் நாள் முழுதும் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பழைய பெட்டியும் அதைத் தடுத்துக்கொண்டுதான் இருந்தது, சொல்லிக்காட்டவில்லை, அவ்வளவே. மாற்றுநர் முதல் வாரம் இப்பதிவேட்டைப் பிறருக்குக் காட்டிப் பெருமைப்படுவார். அடுத்த மாதம் தாமும் பார்ப்பதை விட்டுவிடுவார்.

அப்படியாயின் வீடு முழுப் பாதுகாப்பு பெற்றதா எனின், மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தால் வாசல் பாதுகாப்பு பெறும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவரிடம் ஓடிபியைப் படித்துக் காட்டும் குடும்ப உறுப்பினரைத் தடுக்கும் விதி எந்த ஃபயர்வாலிலும் இல்லை.

விளம்பரத் தடுப்பால் தீங்கு உண்டோ எனின், உண்டு. கூப்பன் இணைப்பும் தள்ளுபடி இணைப்பும் பல வேளை விளம்பர முகவரி வழியாகவே செல்வதால் அவையும் திறக்காது. தள்ளுபடி கிடைக்காத நாளில் தடுப்பு நீக்கப்படும்.

9. முடிபு

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. பெட்டி நிறுவனத்துடையதாக இருந்தவரை, கடலூரில் புயல் அடித்து இழை அறுந்தாலும் மாநகராட்சி தெருவைத் தோண்டி இழை அறுந்தாலும் திட்டு நிறுவனத்துக்கே போனது. மாற்றத்துக்குப் பின் அதே அறுந்த இழைக்கு முதல் கேள்வி, “மறுபடியும் எதையாவது நோண்டினியா?” என்பதே. நிறுவனத்தை அழைத்தாலோ, “எங்க டிவைஸை மாட்டி செக் பண்ணிட்டுச் சொல்லுங்க” என்பது பதில். இரு தரப்பும் மாற்றுநரையே குற்றவாளி என்று ஒருமனதாக முடிவுசெய்கின்றன.

ஆயினும் மாற்றம் தவிர்க்கத்தக்கது என்று இவ்வாய்வு கூறவில்லை. வேலையை வீட்டிலிருந்து செய்பவர், கேமராக்களை நம்பியிருப்பவர், வீட்டில் பலர் ஒரே இணைப்பைப் பகிர்பவர் ஆகியோருக்கு அது பயன் தரும். ஒரு பெட்டியும் இரண்டு செல்பேசியும் உள்ள வீட்டில், பழைய பெட்டியின் அட்மின் கடவுச்சொல்லை மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்து, தேவையற்ற தொலைநிலை வாசலை மூடினாலே பெரும்பகுதிப் பயன் செலவின்றிக் கிடைத்துவிடும்.

மாற்றியே தீருவேன் என்பவர் மூன்றைச் செய்ய வேண்டும். அமைப்புகளின் நகலை வேறொரு கருவியில் எடுத்துவைக்க வேண்டும். எந்தக் கம்பி எதில் செருகப்படும் என்பதையும் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். மாற்றுநர் வெளியூர் போயிருக்கும் நாளில்தான் இணைப்பு போகும். நிறுவனத்தின் பழைய பெட்டி ஏதேனும் பரணுக்குப் போனால் அதன் அடாப்டரையும் கூடவே கட்டிவைக்க வேண்டும். சந்தாவை முடித்துக்கொள்ளும் நாளில் இரண்டையும் சேர்த்தே திருப்பிக் கேட்பார்கள்.